இரண்டு மில்லிமீட்டர்

துலூத்தில் தெருக்களெல்லாம்
ஏரியைப் பார்த்தே விழுகின்றன.
உச்சியில் வண்டியை எடுத்தால்
தண்ணீர்க் கரைவரை பிரேக்தான் துணை.

பிப்ரவரியிலிருந்து ஸ்டியரிங் நடுங்குகிறது.
முதலில் என் கை என்றே நினைத்தேன்.
வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவளுக்குக்
கை நடுங்கினால் பிழைப்பு போயிற்று.
சமையல் மேசையில் விரல்களை விரித்து வைத்து
வெகுநேரம் பார்த்தேன்.
அசையவில்லை.
நடுங்கியது இரும்புதான்.

டெல்பர்ட் ஹவிஸ்டோ முன்சக்கரத்தைக் கழற்றி
மைக்ரோமீட்டரால் தட்டைக் கவ்வினான்.
இருபத்திரண்டு புள்ளி ஒன்று.
துருவைச் சுரண்டிக் காட்டினான்,
வார்ப்பிலேயே பொறித்திருந்தது:
குறைந்தபட்சம் இருபத்திரண்டு.
எதுவரை தேயலாம் என்று
பிறக்கும்போதே எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.
எனக்கு யாரும் அப்படி எழுதித் தரவில்லை.

கம்பெனித் தட்டு ஒன்றின் விலைக்கு
வெளிச்சந்தையில் ஒரு ஜோடி கிடைக்கும்.
அன்றிரவு சூப் ஆறிப்போகும்வரை
படம் படமாகப் பார்த்தேன்.

துளையிட்டவை மினுங்கின, காதணிபோல.
டெல்பர்டின் மச்சினன் அதைத்தான் வாங்கினானாம்.
ஒரே கோடையில்
துளைக்குத் துளை விரிசல் ஓடியதாம்.
"நிறுத்தி வைத்த வண்டிக்கு அழகு" என்றான்.

வரி கீறியவை பட்டையைச் சீவித் தின்னும்.
எங்கள் ஊர்ச் சாலை உப்போ
அந்த வரிக்குள்தான் முதலில் குடியேறும்.

பெயரில்லாப் பெட்டியில் ஒன்று,
கேட்டவுடனே சிரிப்பு வரும் விலை.
டெல்பர்ட் பட்டறையில் ஒரு குளியலறைத் தராசு உண்டு.
அதன்மேல் வைத்தான்.
மற்றதைவிட ஒரு பவுண்டு குறைவு.
"அந்த ஒரு பவுண்டு எங்கே போயிற்று என்று
மலை இறங்கும்போது தெரியும்."

கடைசியில் வாங்கியது
துளையில்லை, வரியில்லை,
சாம்பல் பூச்சுப் பூசிய வெறும் முகம்.
விலை: பதினேழு வீடுகள், பதினேழு நரம்புகள்.
அதில் இரண்டு, ஊசிக்கு ஒளிந்து விளையாடுபவை.

பெட்டிக்குள் ஒரு தாள்:
நாற்பது மைலிலிருந்து பத்துக்கு இறக்கு, பத்து முறை.
சூட்டில் முற்றாக நிறுத்தாதே;
நிறுத்தினால் பட்டை தன் அச்சைத் தட்டில் பதித்துவிடும்,
பிறகு ஆயுளுக்கும் நடுக்கம்.

ஞாயிறு விடியல், ஏரிக்கரைச் சாலை.
ஏறினேன், இறங்கினேன், ஏறினேன்.
ஆறாவது முறை
பின்னால் நீலமும் சிவப்பும் சுழன்றன.

நிறுத்தவும் முடியாது, நிறுத்தாமலும் முடியாது.
நான்கு விளக்கையும் மின்ன விட்டு
ஜன்னல் வழியே கையை நீட்டி
ஊர்ந்தேன், ஊர்ந்தேன், அரை மைல்.
யாருடையதோ ஒரு மேட்டுப் பாதை வந்தது.
அதில் திருப்பினேன்.
மலையே என் சுபாருவைப் பிடித்து நிறுத்தியது.
கியரில் விட்டு இன்ஜினை அணைத்தேன்;
பெடலில் கால் படவில்லை.

டெப்யூட்டி டோலஃப்ஸ்ருட், கம்பளித் தொப்பி, கோபம்.
"குடித்திருக்கிறாயா?"
தாளை நீட்டினேன்.
டார்ச் ஒளியில் இரண்டு முறை படித்தாள்.
குனிந்து சக்கரத்தை முகர்ந்தாள்;
கருகிய வாடை.
"எங்களுக்குக் கவுன்டி மலிவானதைத்தான் வாங்கித் தருகிறது"
என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.
"இன்னும் எத்தனை?"
"நான்கு. ஆனால் ஆறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து."
"பத்தா?"
"பத்து."
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
எட்டு மணிக்குச் சர்ச் கூட்டம் வரும், அதற்குள் முடி என்றாள்.

திங்கட்கிழமை, பெர்னு அம்மாளின் வீட்டிலிருந்து
ஆஸ்பத்திரிக்கு இறக்கம்.
பின்சீட்டுப் பெட்டியில் ஒன்பது குழாய் ரத்தம்.
சிக்னல் சிவந்தது. மிதித்தேன்.
ஒரு குழாயும் இன்னொன்றைத் தட்டவில்லை.

புதுத் தட்டு இருபத்து நான்கு.
தேய்த்துத் தீர்க்க
இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது என்னிடம்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.